இடது பின்கதவு

மே 4, ஞாயிறு

இன்று அப்பா காருக்கு மெழுகு பூசவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இப்படி ஒரு ஞாயிறு வந்ததில்லை. அதனால்தான் இந்த நோட்டையே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் கார் வெள்ளை. ஆர்.சி. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நேரில் பார்த்தால் நேற்று உருக்கிய நெய்யின் நிறம். அப்பா குழந்தைவேலு ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஐந்து நாள் அங்கே கண்காணித்துவிட்டு மீதி இரண்டு நாள் காரைக் கண்காணிப்பார். வாங்கி ஒன்பது வருடம் ஆகப்போகிறது. ஞாயிறுதோறும் ஒரு பூச்சு என்றால் நானூற்றைம்பது பூச்சு. பழைய மெழுகை எடுத்துவிட்டுத்தான் புதியது போடவேண்டும் என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"போட்டதை எதுக்குக் கண்ணு எடுக்கோணும்? மேல மேலப் போட்டாத்தான் பாதுகாப்பு."

செல்வநாயகி அத்தையின் மகன் கௌதம் மாமாவுக்கு 23ஆம் தேதி கல்யாணம். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு. தாய்மாமன் காரில்தான் மாப்பிள்ளை வரவேண்டும் என்று அப்பா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேறு யாரும் கார் தருவதாகச் சொல்லவில்லை. காலையில் அத்தை, கார் அலங்காரம் செய்யும் மணியண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் ஒரு ரோஜாவை டேப் போட்டு பானெட்டில் ஒட்டினார். அது மெல்ல நழுவி, ஹெட்லைட்டைத் தாண்டி, தரையில் போய் உட்கார்ந்தது.

"ஏனுங்ண்ணா, இது காருங்களா, ஊத்துக்குளி வெண்ணெய்ங்களா? டேப்பு நிக்கவே மாட்டேங்குதே. பாதி ரோட்டுல பூவெல்லாம் எறங்கி நடந்துபோயிருமுங்க."

"வேற கார் பாக்கட்டுமா தம்பி?" என்றார் அத்தை.

அப்பாவின் முகம் சம்பளம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மெழுகை எடுத்துவிடுவதாக ஒத்துக்கொண்டார். லீவில் இருக்கும், படிக்கிற பெண் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

அத்தை கிளம்பும்போது வழக்கம்போல அம்மாவிடம் கேட்டார்: "ஏம்மா ஜோதி, தூணு சௌக்கியமா?"

எல்லோரும் சிரித்தோம்.

மே 5, திங்கள்

தூண் விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். எங்கள் கேட்டுக்கு இரண்டு பக்கமும் சிமெண்டுத் தூண். கார் வந்த புதிதில், ஆவணி மாதம், அம்மா ஒரே ஒரு நாள் அதை எடுத்தார். அன்று கேட்டில் பின்னால் எடுக்கும்போது தூணில் உரசி இடது பின்கதவைக் கீறிவிட்டார். அந்தக் கீறலை அப்பா கண்டுபிடித்தது தீபாவளிக்கு மறுநாள். சாவி அன்றைக்கே பீரோவுக்குள் போனது. அதன்பிறகு அம்மா காரைத் தொட்டதில்லை. சொந்தக்காரர்கள் அதற்கு 'ஜோதி தூண்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் நான் 'எங்கள் வீட்டுத் தூண்' என்று நகைச்சுவைக் கட்டுரை எழுதி மாவட்ட அளவில் முதல் பரிசு வாங்கினேன். மேடையில் படித்தபோது ஒரு தலைமையாசிரியர் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார்.

இன்று அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். இப்போது பதவி உயர்வு. சத்தியமங்கலத்துக்கு அப்பால் ஒரு மருத்துவமனைக்குத் தலைமை மருந்தாளுநராகப் போகவேண்டும். காலை ஏழரைக்கு அங்கே இருக்கவேண்டும். எங்கள் ஊர் கோபியிலிருந்து முதல் பஸ் அங்கே போவது எட்டு நாற்பதுக்கு. விருப்பம் உண்டா இல்லையா என்று 19ஆம் தேதிக்குள் எழுதித் தரவேண்டும். இல்லை என்றால் இன்னும் மூன்று வருடத்துக்குப் பேச்சே கிடையாது.

"கார்ல போனா அம்பது நிமிசந்தானுங்க," என்றார் அம்மா.

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு தூணு போதாதா ஜோதி? அந்த ரோட்டுல எத்தனை புளியமரம் இருக்குது தெரியுமா?"

சாப்பிட்டுக் கை கழுவியதும் அவரே உட்கார்ந்து அம்மாவுக்காக 'விருப்பமின்மைக் கடிதம்' எழுதினார். ஒரே பக்கத்தில் நான்கு இடத்தில் 'பணிவுடன்' இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அம்மா வாங்கிப் படித்து, நான்காக மடித்து, மருந்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

மே 6, செவ்வாய்

மெழுகை எடுக்க அப்பா மூன்று வழி சொன்னார். ஒன்று மண்ணெண்ணெய். இரண்டு பெயிண்ட் தின்னர். மூன்றாவது, காரை நல்ல வெயிலில் நிறுத்தி மெழுகு தானாக உருகும்வரை காத்திருப்பது. கடைசியை ஞாயிறு மதியமே சோதித்திருக்கிறார். மெழுகு உருகவில்லை. ஒரு காக்கை எச்சம் இட்டு, அது வேகமாகக் காய்ந்தது.

அம்மா கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார். பிறகு மருந்துப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவி, பின்பக்கம் எதையோ எழுதி என்னிடம் தந்தார். திருப்பிப் பார்த்தேன். அப்பா எழுதிய கடிதம். பின்பக்கம் அம்மாவின் மருந்துச்சீட்டுக் கையெழுத்தில் இப்படி இருந்தது:

நிழல். கார் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மண் போகக் கழுவு. மண்ணோடு தேய்த்தால் மெழுகு போகாது, பெயிண்ட் போகும். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, ஒரு வாளி. துணி அலச வேறு வாளி. துடைத்துக் காயவிடு. பிறகு ஸ்பிரிட் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. துணியில் தெளி, காரில் தெளிக்காதே. ஒரு முழம் இடம் முடித்துவிட்டு அடுத்தது. அழுத்தாதே. கையுறை போடு. பக்கத்தில் நெருப்பு கூடாது. முதலில் கண்ணில் படாத ஓர் இடத்தில் சோதித்துப் பார்.

"கண்ணுல படாத இடம்னா எதுங்கம்மா?"

"இடது பின்கதவு. அடிப்பக்கம்," என்றார் அம்மா. யோசிக்கவே இல்லை.

மே 7, புதன்

அம்மாவின் செருப்பில் வலது குதிகால் மட்டும் தேய்ந்திருக்கிறது. இடது புதிதாக இருக்கிறது. நடை கோணலோ என்று பின்னாலிருந்து கவனித்தேன். நேராகத்தான் நடக்கிறார். ஒரு மாதமாகச் சனிக்கிழமைகளில் ஸ்டாக் எடுக்கிறேன் என்று தாமதமாக வருகிறார். நின்றுகொண்டே எண்ணுகிறார் போல.

மே 9, வெள்ளி

கொய்யா மர நிழலில் வேலையை ஆரம்பித்தேன். இரண்டு வாளி, பழைய பனியன் துணி ஆறு. தாளில் உள்ளபடி கழுவிக் காயவிட்டு, ஸ்பிரிட் தெளித்த துணியால் ஒரு முழம் நேராகத் துடைத்தேன். துணி பழுப்பானது. மடித்து மறுபக்கத்தால் துடைத்தேன். அதுவும் பழுப்பு. ஒன்பதாவது மடிப்பில்தான் துணி வெள்ளையாக வந்தது. கதவும் வெள்ளையாக வந்தது; ஓரத்தில் மட்டும் ஏதோ மஞ்சள் புள்ளி. இந்தக் காரின் உண்மையான நிறத்தை நான் இதுவரை பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். புதிதாகப் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிற இடத்தில் நிற்பவர்போலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வேலை நல்லபடியாக முடியவேண்டும் என்று கற்பூரம் எடுத்துவந்தார்.

"ஏனுங்க, ஸ்பிரிட் பாட்டில் தொறந்திருக்குது," என்றார் அம்மா ஜன்னலிலிருந்து.

"சாமிக்குத்தானே காட்டறேன்."

"சாமிகிட்டவே போயிருவீங்க."

கற்பூரம் டப்பாவுக்குத் திரும்பியது.

மே 11, ஞாயிறு

மெழுகு பூசக் கூடாத ஞாயிறு. அப்பா எழுந்து, துணி எடுத்து, கார்வரை போய், நினைவு வந்து திரும்பினார். இதை நான்கு முறை செய்தார். ஐந்தாவது முறை எங்கள் ஃபிரிட்ஜைத் துடைத்தார்.

மே 12, திங்கள்

இடது பின்கதவு முழுதும் முடிந்தது. நான் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

ஆயுத பூஜை அன்று காருக்குச் சந்தனமும் மஞ்சளும் குழைத்து, குங்குமம் சேர்த்துப் பொட்டு வைப்போம். மற்ற வீடுகளில் இரண்டு நாள் கழித்துக் கழுவிவிடுவார்கள். அப்பா கழுவ விடமாட்டார். தெய்வ காரியத்தைத் துடைக்கக் கூடாது என்று அதன்மேலேயே மெழுகைப் பூசிவிடுவார். அதனால் மெழுகுக்கு அடியில் ஒவ்வொரு வருடத்துப் பொட்டும் அப்படியே இருக்கிறது. சந்தனம் போய்விட்டது, மஞ்சள் கறை மட்டும் பெயிண்டில் தங்கிவிட்டது. எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் கீழடிக்குப் போனபோது ஓர் அக்கா சொன்னார்: மேலே இருப்பது பிந்தியது, அடியில் இருப்பது முந்தியது, ஏதாவது ஒரு குழி இன்னொன்றை வெட்டிக்கொண்டு போனால், வெட்டிய குழிதான் பிந்தியது. நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். வீட்டு வாசலிலேயே பயன்படும் என்று நினைக்கவில்லை.

கதவின் அடியில் வரிசையாகப் பதினொரு பொட்டு. சின்னச் சின்னதாக, விரல் நுனி அளவு. கோணல்மாணலாக. மற்ற பொட்டுகள் எல்லாம் கைப்பிடி உயரத்தில் இருக்கின்றன. இந்த வரிசை மட்டும் ஐந்து வயதுக் குழந்தை குந்தி உட்கார்ந்தால் எட்டும் உயரம்.

முதல் ஆயுத பூஜைக்கு எனக்கு ஐந்து வயது. இது என் விரல்.

அந்தப் புகழ்பெற்ற கீறலும் அங்கேதான் இருக்கிறது. மெழுகு அடைத்திருந்ததால் இத்தனை நாள் மங்கலாகத் தெரிந்தது. இப்போது தெளிவாக இருக்கிறது. ஆறாவது பொட்டுக்கு முன்னால் தொடங்கி, ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் நடுவில் கிழித்துக்கொண்டு போகிறது.

மூன்று முறை எண்ணினேன்.

மே 13, செவ்வாய்

ஆல்பத்தில் அந்தப் புகைப்படம் இருக்கிறது. பச்சைப் பாவாடை கட்டி, வாய் திறந்து, விரலைக் கதவில் வைத்தபடி நான். ஒன்பது பொட்டு வைத்து முடித்திருக்கிறேன். கதவில் என் முகமே தெரிகிறது. கீறல் இல்லை.

ஆவணி முடிந்து ஆயுத பூஜை. ஆயுத பூஜை முடிந்து தீபாவளி. அம்மா ஓட்டியது ஆவணியில்.

மே 14, புதன்

பானெட் முடிந்தது. எழுத ஒன்றும் இல்லை. பரிசுக் கோப்பையை அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

மே 15, வியாழன்

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் மடித்தேன். நான்காவது துண்டில் கேட்டுவிட்டேன்.

"அம்மா, நீங்க தூணுல இடிக்கவே இல்லீங்களா?"

"இல்ல."

"ஏன் சொல்லலீங்க?"

"சொன்னேன் கண்ணு. தீபாவளி கழிஞ்சு ரெண்டு மாசம் எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்புறம் அது சிரிப்பாயிருச்சு. சண்டைன்னா பதில் சொல்லலாம். சிரிச்சாங்கன்னா என்ன பதில் சொல்றது?"

என் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அது பொய் என்று எனக்குத் தெரியாது என்றேன். அம்மா ஒரு தலையணை உறையை நான்கு மூலையும் சரிபார்த்து மடித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருந்த. ஒரு கமா கூடத் தப்பில்ல."

இதற்கு அம்மா என்னை அடித்திருக்கலாம்.

மே 16, வெள்ளி

அப்பாவிடம் கதவைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"கீறல் மேல நீ பொட்டு வெச்சிருப்ப கண்ணு."

"அப்படீன்னா கீறலுக்குள்ளயும் மஞ்சள் இருக்கோணுமுங்கப்பா. உள்ள சாம்பல் கலருதான் இருக்குது."

புகைப்படத்தைக் கொடுத்தேன்.

"இது வேற கதவு."

"இடது பக்கம் பின்கதவு ஒண்ணுதானுங்கப்பா."

"அப்பல்லாம் போட்டோ இவ்வளவு தெளிவா வராது."

தெளிவாக வந்திருப்பதுதான் பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. அப்பா கதவை விரலால் தடவினார். அலுவலகக் கோப்பில் வேண்டாத பக்கம் ஒன்று வந்துவிட்டதுபோல இருந்தது முகம்.

"சரி, ரெண்டு மாசம் முன்னப்பின்ன இருக்கும். இப்ப அதுக்கு என்ன? இந்தக் கதவுக்கு மட்டும் ஒரு கோட்டிங் போட்டுடலாம். டேப்பு இங்க ஒட்ட வேண்டியதில்ல."

"அம்மா பத்தொன்பதாம் தேதி எழுதித் தரோணுமுங்கப்பா."

"மெழுகு டப்பா எங்க?"

மே 17, சனி

மெழுகு டப்பாவைக் காணவில்லை. அப்பா அரிசி டிரம்மைத் தவிர எல்லா இடத்திலும் தேடிவிட்டார்.

மே 18, ஞாயிறு

கார் முழுதும் முடிந்தது. கொய்யா மரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. பக்கத்து வீட்டில் புதுக் காரா என்று கேட்டார்கள். அப்பா இல்லை என்று சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

மணியண்ணன் டேப் சோதிக்க வந்தார். அத்தையும் வந்தார். ரோஜா ஒட்டியது. மணியண்ணன் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "இப்பத்தானுங்ண்ணா இது காரு," என்றார்.

அத்தை காரைச் சுற்றி வந்தார். இடது பின்கதவின் குறுக்கே அப்பா துண்டைத் தோளில் போட்டபடி சாய்ந்து நின்றார்.

"தள்ளு தம்பி, பாக்கலாம். இதென்ன மஞ்சளா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாசல்படியில் டீத் தட்டோடு நின்றார். சொல் என்றும் காட்டவில்லை, வேண்டாம் என்றும் காட்டவில்லை.

"மொத ஆயுத பூசைக்கு நான் வெச்ச பொட்டுங்கத்தை. பதினொண்ணு," என்றேன். "இந்தக் கீறல் பொட்டு மேல போகுது பாருங்க. அப்படீன்னா பொட்டு மொதல்ல, கீறல் அப்புறம். அம்மா ஓட்டுனது ஆவணி மாசம்."

பாடம் ஒப்பிக்கிற குரலில்தான் சொன்னேன். அந்தக் குரல் மட்டுந்தான் வந்தது.

அத்தை புடவையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். பொட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். ஏழாவதில் நிறுத்தினார்.

"தம்பி. அந்தத் தீபாவளிக்கு நீ எங்க வூட்டுக்குச் சீர் கொண்டாந்தப்ப, காரை எங்க செவுத்தோட ஒட்டி நிறுத்துன. இந்தப் பக்கம் ஒரு ஆளையும் வுடல. குழந்தைங்களக்கூட வெரட்டுன. நானு புதுக்கார் பவுசுன்னு நெனச்சுட்டேன்."

அப்பா, "மணி, பின்னாடி கண்ணாடியில டேப்பு நிக்குதா பாரு," என்றார்.

"நின்னுட்டு இருக்குதுங்ண்ணா," என்றார் மணியண்ணன். அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார். இந்தப் பேச்சை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை.

அத்தை நிமிர்ந்து அம்மாவிடமிருந்து டீயை வாங்கினார். ஒன்பது வருடமாகக் கேட்கும் கேள்வியை இன்று கேட்கவில்லை. பாதி டீயில், அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "ஏந்தம்பி, தூணு சௌக்கியமா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மணியண்ணன் மட்டும் இருமினார்.

மே 19, திங்கள்

அம்மா விருப்பக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினார். மூன்று வரி. 'பணிவுடன்' ஒரே ஒரு இடத்தில். பத்து மணிக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"எழுதிக் குடுத்தாப் போச்சா? ஓட்டத் தெரியோணுமில்ல," என்றார் அப்பா, சோற்றைப் பார்த்து.

அம்மா கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து ஊறுகாய் பாட்டில் பக்கத்தில் வைத்தார். போன மாதம் புதுப்பித்தது. "ஆறு சனிக்கிழமை வகுப்பு முடிஞ்சுதுங்க. இன்னும் ரெண்டு பாக்கி. பின்னாடி எடுக்கறதுல வாத்தியார் என்னைத்தான் மத்தவங்களுக்குக் காட்டறார்."

ஸ்டாக் எடுத்தது எங்கே என்று புரிந்தது. வலது குதிகால் தேய்ந்தது எந்தப் பெடலில் என்றும்.

அப்பா ரசத்துக்கு வந்தபோது, யாரும் கேட்காமலே, "அன்னைக்கு நல்ல மழை. கண்ணாடியெல்லாம் ஒரே புகையா இருந்துச்சு," என்றார்.

எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினார்.

மே 22, வியாழன்

மாப்பிள்ளை அழைப்பு. கார் முழுக்க ரோஜாவும் சம்பங்கியும். இடது பின்கதவுக்கு மட்டும் அப்பா தனியாகச் சொல்லி இரட்டைச் சரம் போடவைத்தார். ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை. அங்கே நான் மிகச் சுத்தமாக மெழுகு எடுத்திருந்ததால் டேப் பிரமாதமாகப் பிடித்தது. மண்டபம்வரை ஒரு இதழ் விழவில்லை. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் அது யாருக்கு உதவும் என்று நாம் தீர்மானிக்க முடியாது.

மே 25, ஞாயிறு

அம்மாவும் நானும் காய்ந்த பூவைப் பிரித்து, டேப் பசையை ஸ்பிரிட்டால் எடுத்தோம். கோப்பையைக் காட்டி, இதைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? அதுல மெழுகு டப்பா வை," என்றார் அம்மா. டப்பாவை அரிசி டிரம்மிலிருந்து எடுத்து அப்படியே வைத்தேன்.

அப்பா மெழுகு பூச வந்தார். முதலில் டப்பாவையும் கோப்பையையும் பார்த்தார். "எல்லாப் பக்கமும் போடுங்க," என்றார் அம்மா. "இந்தக் கதவு மட்டும் அப்படியே இருக்கட்டும்."

அப்பா மூன்று கதவுக்கும் பூசினார். மெல்லிசாக, ஒரே ஒரு பூச்சு.

ஜூன் 2, திங்கள்

எனக்குப் பள்ளி திறப்பு. அம்மாவுக்கு முதல் நாள். ஆறே காலுக்கு அம்மா காரில் ஏறி இருக்கையை முன்னால் இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார். ஒன்பது வருடமாக அது அப்பாவின் உயரத்துக்கு இருந்தது.

அப்பா லுங்கியோடு ஓடிவந்து கேட்டுக்கு வெளியே, இடது தூணுக்கு முன்னால் நின்றார். இரண்டு கையையும் தூக்கினார்.

"வா, வா. மெதுவா. இடப்பக்கம் தூணு. இன்னும் ரெண்டடி இருக்குது. ஒடிக்காத. வா."

பின்னால் வந்த கார் பாதி வழியில் நின்றது. அம்மா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க, கொஞ்சம் அக்கட்ட நில்லுங்க. தூணு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நீங்கதான் மறைக்கறீங்க."

அப்பா நகர்ந்தார். கார் வெளியே வந்தது. பதினொரு பொட்டும் தூணைக் கடந்து போவதை எண்ணினேன். இடையில் என் பள்ளிப் பை அளவுக்கு இடம் இருந்தது.